எலும்புக் கட்டி: அச்சமும் அசட்டையும்

உடம்பில் எங்கேனும் ஒரு கட்டி தோன்றினால் நம் ஜனங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளக் காண்கிறோம். ஒரு சாரார், கட்டியென்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே, அது புற்றுநோயேயென்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு, உணவையும் உறக்கத்தையும் விட்டுக் குடும்பம் முழுவதையும் கலங்க அடிக்கின்றனர். மற்றொரு சாரார், அது வெறுஞ் சுளுக்கென்றும் வாயுப்பிடிப்பென்றும் எண்ணி, மாதக்கணக்காக எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக்கொண்டும், மூங்கிற்பத்தை வைத்துக் கட்டிக்கொண்டும் காலங்கழிக்கின்றனர். முதற்கூட்டத்தார் இல்லாத நோய்க்கு அஞ்சுகின்றனர். இரண்டாங்கூட்டத்தார் இருக்கும் நோயை அசட்டை செய்கின்றனர். இரண்டுக்கும் மூலகாரணம் விஷயந் தெரியாமையே. அறியாமையைப் போக்குவது பத்திரிகையின் கடமைகளுள் ஒன்றாதலின், எலும்பில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளைப் பற்றி இன்று சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

ராஜீய விஷயங்களைப் பேசவேண்டிய இப்பக்கத்தில் எலும்பையும் கட்டியையும் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். இக்கட்டிகளிற் பெரும்பாலானவை குழந்தைகளையும், இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட உழைக்கும் வயதினரையுமே பற்றுகின்றன. ஏர் பிடிக்கும் கையும் தறி மிதிக்கும் காலும் வீணே இழக்கப்படுமாயின், அத்துக்கம் அவ்வீட்டோடு நின்றுவிடுவதில்லை. தேசத்துக்கும் அது நஷ்டமே. மேலும், ஒரே நோயில் பணக்காரனுக்குக் கால் மிஞ்சுவதும் ஏழைக்குக் கால் போவதும் உண்டானால், அதற்குக் காரணம் கேட்பது ராஜீயமன்றி வேறென்ன?

சாதுவும் துஷ்டனும்

கட்டிகளை வைத்தியர்கள் இரு பெரும் பிரிவாக வகுக்கின்றனர். சாதுவான கட்டி தான் பிறந்த இடத்திலேயே தங்கி, மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் ஓர் எல்லையில் நின்றுவிடும். துஷ்டக் கட்டியாகிய புற்று, எல்லையை மீறி அண்டையிலுள்ளவற்றை அழித்து, இரத்தத்தின் வழியே நுரையீரல் முதலிய தூர உறுப்புகளிலும் குடியேறும். எலும்பிலேயே முதலிற் பிறக்கும் புற்று மிக அபூர்வமானது. சாதுக் கட்டிகளோ அதனினும் பன்மடங்கு அதிகம். அவற்றுட் பல, உடையவனுக்கே தெரியாமல் அவனோடு வாழ்ந்து அவனோடு முடிந்துபோகின்றன. வேறொரு காரணத்துக்காக எக்ஸ்-ரே படம் எடுக்கும்போது தற்செயலாகத் தென்படுபவையே மிகுதி. ஆகவே, எலும்பில் கட்டியென்று கேட்டவுடன் கதிகலங்க வேண்டுவதில்லை என்பதை நேயர்கள் முதற்கண் மனத்திற் கொள்வார்களாக.

இவற்றுள் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது ஆஸ்டியோகாண்ட்ரோமா என்பது. முழங்காலுக்கு அருகிலோ, தோளை யடுத்த கையெலும்பிலோ, மரக்கிளையிற் புடைத்த கணுவைப் போல எலும்பிலிருந்தே ஒரு முளை கிளம்பும். அதன் தலையில் குருத்தெலும்பாலாகிய ஒரு தொப்பி இருக்கும். குழந்தை வளரும்வரையில் இதுவும் வளரும். எலும்பின் வளர்ச்சி நிற்கும்போது இதுவும் நின்றுவிடும். நரம்பையோ இரத்தக் குழாயையோ தசைநாரையோ அழுத்தி வருத்தினாலொழிய இதனைத் தொட வேண்டியதேயில்லை. ஆனால், வளர்ச்சி முடிந்த பெரியவர்களிடத்தில் இம்முளை மீண்டும் பெருக்கத் தொடங்கினாலும், புதிதாக வலியெடுத்தாலும், குருத்தெலும்புத் தொப்பி 2 சென்டிமீட்டருக்கு மேற் கனத்தாலும் உடனே பரீட்சிக்க வேண்டும். தனி முளையொன்று புற்றாக மாறுவது நூற்றுக்கு ஒன்றென்னும் அளவிலேயே என்பர். சில குடும்பங்களில் உடம்பெங்கும் பல முளைகள் தோன்றுவதுண்டு. இது பெற்றோர்வழி வருவது. பெற்றோருள் ஒருவருக்கிருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வரக்கூடும். இத்தகையோர்க்கு அபாயம் சற்று அதிகமாதலின், அவர்கள் ஆயுள் முழுவதும் கண்காணிப்பில் இருத்தல் அவசியம். இதைக் குலத்துக்கு வந்த இழுக்கென்றெண்ணி, கலியாணப் பேச்சுக் கெடுமென்று மறைப்பவர்களுமுண்டு. மறைப்பதால் முளை மறைவதில்லை, கண்காணிப்புத்தான் தவறிப்போகின்றது.

கைவிரலின் சிற்றெலும்புகளுள் தோன்றும் என்காண்ட்ரோமாவும், வளரும் பிள்ளைகளின் தொடை, முழந்தாள் எலும்புகளின் ஓரத்திற் காணும் நார்க் கட்டியும் அநேகமாக ஒன்றும் செய்யாதவை. பின்னது குழந்தை வளர வளரத் தானே எலும்பாகித் தூர்ந்துவிடும். இதைக் கண்டு பிள்ளையை வெட்டுமேடையிற் கிடத்துவது வைத்தியமாகாது. படத்தைக் கண்டவுடன் "இது தொடத் தகாதது" என்று சொல்லி அனுப்பிவிடும் துணிவு எந்த டாக்டருக்கு இருக்கிறதோ அவரே தேர்ந்த டாக்டர்.

பிள்ளைகளின் தோளெலும்பில் நீர் நிறைந்த பை போன்ற வெற்றிடம் ஒன்று உண்டாவதுண்டு. பந்து எறியும்போதோ, திண்ணையிலிருந்து விழுந்தபோதோ கை முறியும். அப்போதுதான் பை இருந்தது வெளியாகும். இதற்கு, இத்தாலி தேசத்தில் பிளாரன்ஸ் நகரத்து டாக்டர் ஸ்காக்லியெட்டி என்பார் 1970-களில், கத்தியில்லாமல் ஊசிமூலம் ஸ்டெராய்டு மருந்தைச் செலுத்திக் குணப்படுத்தும் முறையைப் பரப்பினார். சிலருக்கு ஒரே ஊசியிற் குணமாகாமல் திரும்பவும் போட நேரிடுமெனினும், அம்முறை இன்றளவும் வழக்கிலிருக்கின்றது.

இராத்திரி வலி

ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் சிறு கட்டியின் சரித்திரம் விநோதமானது. பயறளவிற்றாய் 2 சென்டிமீட்டருக்கும் குறைந்த கரு ஒன்று எலும்பினுட் புதைந்திருக்கும். பகலில் ஓடியாடும் பிள்ளை, இராத்திரியில் வலி பொறாமல் எழுந்து அழும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கப் பாசாங்கு செய்கிறானென்று பெற்றோர் அதட்டுவர். வளரும் வயதில் இவ்வலி சகஜமென்று அண்டை வீட்டார் சொல்லுவர். ஆனால் ஆஸ்பிரின் இனத்து மாத்திரையொன்று உட்சென்ற அரைமணி நேரத்துக்குள் வலி மாயமாய் மறையும். காரணம் யாதெனில், வலியை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை இக்கரு ஏராளமாகச் சுரக்கின்றது. அச்சுரப்பை அம்மாத்திரை தடுக்கின்றது. இராத்திரியில் வலி, மாத்திரையில் நிவாரணம் என்னும் இவ்விரண்டு சாட்சிகளும் ஒத்துப் பேசினால், தேர்ந்த டாக்டர் பாதி நோயை அப்போதே கண்டுகொள்வார். பெற்றோர் தாமாகவே பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பரீட்சை பார்க்கலாகாது. சிறுவர்க்கு அம்மருந்தால் வேறு விபரீதங்கள் நேர்வதுண்டு.

இக்கட்டியைத் தனி நோயாகப் பிரித்துணர்ந்து 1935-ஆம் வருஷத்தில் எழுதியவர் நியூயார்க் நகரத்து டாக்டர் ஜாபே. பின்னர் நெடுங்காலம் எலும்பை வெட்டியே இதனை எடுத்து வந்தனர். 1992-இல் அமெரிக்க டாக்டர் ரோஸன்தால் முதலியோர், சி.டி. படத்தின் துணைகொண்டு மெல்லிய ஊசியொன்றைக் கருவின் நடுவிலேயே செலுத்தி, ரேடியோ அலைகளால் ஊசிமுனையைச் சுமார் 90 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கிச் சில நிமிஷங்களில் அதனைச் சுட்டுவிடும் வழியை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பேருக்கு இந்த ஒரே சிகிச்சையில் நோய் தீர்கின்றது. பிள்ளை மறுநாளே வீட்டுக்கு நடந்து போகலாம். வருஷக்கணக்கான இராத்திரி வேதனைக்கு ஒரு பிற்பகலில் விடிவு!

இராக்ஷஸ அணுக் கட்டி

சாதுக்களின் ஜாபிதாவிற் சேர்ந்தும் சாதுத்தன்மை குறைந்த ஒன்றுண்டு. அதுவே ஜயண்ட் செல் கட்டி. மைக்ராஸ்கோப்பிற் பார்த்தால், பல கருக்களையுடைய பெருத்த அணுக்கள் கூட்டங்கூட்டமாய்த் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. வளர்ச்சி முடிந்த இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டாரையே இது பெரிதும் பற்றும். முழங்காலை யடுத்தும், மணிக்கட்டை யடுத்தும், மூட்டின் விளிம்புவரை எலும்பை உள்ளேயிருந்து அரித்துத் தின்று முட்டையோடு போல் மெலிவித்துவிடும். மேனாடுகளில் எலும்பிற் பிறக்கும் கட்டிகளுள் இது நூற்றுக்கு 5 என்றும், இந்தியா, சீனா முதலிய கீழ்த்திசை நாடுகளில் 20 வரையிலும் என்றும் கணக்கிடுகின்றனர். ஆகவே இது நம் நாட்டார் விசேஷமாகக் கவனிக்கவேண்டிய நோய்.

இதனை 1818-லேயே லண்டன் சஸ்திர வைத்தியர் ஆஸ்ட்லி கூப்பர் வர்ணித்திருக்கிறார். ஆயினும் அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம் இதனைக் கொடிய புற்றுகளோடு சேர்த்தெண்ணிக் கைகால்களைத் துண்டித்து வந்தனர். 1912-இல் பால்டிமோர் நகரத்து டாக்டர் பிளட்குட், உறுப்பைத் துண்டிக்காமல் கட்டியைச் சுரண்டியெடுத்தலே தகுமென்று எடுத்துரைத்தார். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன், தேசமெங்குமுள்ள எலும்புக் கட்டி நோயாளிகளின் படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் ஒரே இடத்தில் திரட்டிப் பதிவு செய்யத் தொடங்கினார். ஒரே கட்டியைப் பல நிபுணர்கள் பலவாறு பெயரிட்ட வேடிக்கை அப்பதிவால் வெளியாயிற்று. பெயர் தவறினால் கால் போகுமென்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

இக்காலத்தில் எலும்பிற் சாளரம் போல் திறந்து, கட்டியைச் சுரண்டி, வேகமாய்ச் சுழலும் கருவியால் குழியின் சுவரைக் கடைந்து, பீனால் முதலிய மருந்துகளால் சுட்டு, எலும்புச் சிமெண்டால் நிரப்புகின்றனர். சிமெண்டு இறுகும்போது உண்டாகும் சூடு மிச்ச அணுக்களைக் கொல்லும். நோயாளியும் விரைவில் காலூன்றலாம். வெறுமனே சுரண்டிவிட்டால் நாலில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை மீண்டும் கட்டி வரக்கூடும். மேற்சொன்ன துணைமுறைகளால் அது பெரிதும் குறைகின்றது. மீளுவன பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷங்களிலேயே மீளுமாதலின், அக்காலத்தில் படமெடுத்துப் பார்ப்பதை எக்காரணத்தாலும் விடலாகாது. மிகச் சிலருக்கு இது நுரையீரலுக்கும் பரவுவதுண்டு; ஆகையால் மார்பையும் படமெடுத்தல் வழக்கம்.

எலும்பு முற்றும் அழிந்த நிலையில் அப்பகுதியையே நீக்கி, காலிலுள்ள பிபுலா எலும்பையோ, உலோகத்தாலான செயற்கை மூட்டையோ பொருத்துவர். இவ்விடத்தில் நம் நாட்டார் பெருமைப்படத்தக்க விஷயமொன்றுண்டு. மேனாட்டு மூட்டுகளின் விலை நம் ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய டாக்டர் மயில்வாகனன் நடராஜன், 1980-களின் இறுதியிலிருந்து, நோயாளியின் அளவுக்கேற்ப உள்நாட்டிலேயே செய்த பெருமூட்டுகளைப் பொருத்தி அநேகரது கைகால்களைக் காத்தார். இந்திய சர்க்கார் 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. சுதேசியென்பது கதர்த் துணியோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டெனோசுமாப் என்னும் ஊசிமருந்தை அமெரிக்க சர்க்கார் 2013-இல் இக்கட்டிக்கு அங்கீகரித்தனர். இப்போது இந்தியக் கம்பெனிகளும் இதனைத் தயாரிக்கின்றன. சஸ்திர சிகிச்சைக்கு எட்டாத இடங்களில் இது பெருந்துணை. ஆனால், சுரண்டுவதற்கு முன் இதைக் கொடுத்தால் பிற்பாடு கட்டி மீளுவது அதிகமாகலாமென்று அனுபவசாலிகள் எச்சரிப்பதால், கண்டபடி உபயோகிக்கத்தக்க மருந்தன்று.

சாட்சியமும் தீர்ப்பும்

நோயை நிர்ணயிப்பதில் நியாயஸ்தலத்தின் முறையே முறை. சாட்சிகளை விசாரியாமல் தீர்ப்புக் கூறலாகாது. முதற் சாட்சி நோயாளியின் வயது. இரண்டாவது எந்த எலும்பு, எலும்பில் எந்த இடம் என்பது. மூன்றாவது வலியின் தன்மை. இவற்றுக்குப்பின் வருவது எக்ஸ்-ரே படம். ராண்ட்ஜன் 1895-இல் கண்ட அக்கதிர்களே, எம்.ஆர்.ஐ. முதலிய புதுமைகள் வந்துள்ள இந்நாளிலும் எலும்புக் கட்டிக்கு முதன்மையான சாட்சி. கட்டியின் ஓரம் வரைந்தாற்போல் தெளிவாயும் வெண்கோட்டுக் கரையுடனும் இருந்தால் அநேகமாய்ச் சாது. ஓரம் கலங்கி, எலும்பின் மேலுறை கிழிந்து, புறத்தே சதைத்திரள் தோன்றினால் சந்தேகத்துக்கிடம். நுண்ணிய கருவைக் காண சி.டி.யும், மஜ்ஜையிலும் தசையிலும் கட்டியின் வியாபகத்தை அளக்க எம்.ஆர்.ஐ.யும் உதவும்.

இரத்தப் பரீட்சையையும் மறக்கலாகாது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்தால், எலும்பில் ஜயண்ட் செல் கட்டியைப் போலவே அரிப்பு உண்டாகும். மைக்ராஸ்கோப்பும் ஏமாறும். இரத்தத்திலுள்ள கால்சியத்தையும் அச்சுரப்பியின் நீரையும் அளந்து பார்த்தால் உண்மை விளங்கும். சிகிச்சை கழுத்துக்கேயன்றிக் காலுக்கன்று. க்ஷயரோகம் மலிந்த நம் நாட்டில், எலும்பு க்ஷயமும் கட்டிவேஷம் போட்டுக்கொண்டு வருவதுண்டு.

இவ்வளவுக்கும் பின்னர்ச் சந்தேகம் நீங்காவிடில், ஊசியால் சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. ஊசி குத்தினால் கட்டி புற்றாகிவிடுமென்று நம் ஊரில் ஒரு வதந்தி உலவுகின்றது. அது பொய். ஆனால் அவ்வூசியை யார், எவ்விடத்தில், எவ்வழியாகக் குத்துகிறார் என்பது மிக முக்கியம். அமெரிக்க டாக்டர் மான்கின் முதலியோர் 1982-இலும் 1996-இலும் எலும்பு, தசைக் கட்டிகளின் பயாப்ஸிகளை ஆராய்ந்து, இரு முறையும் ஏறக்குறைய நூற்றுக்கு 18 பேருக்கு நோய்நிர்ணயத்தில் பெரும் பிழை நேர்ந்திருந்ததென்றும், சிலர் அவசியமின்றியே அங்கத்தை இழந்தனரென்றும் வெளியிட்டனர். முடிவான சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியில் செய்யாமல் வேறிடத்திற் செய்ததே அப்பிழைகள் பெருகக் காரணம். செல்வங் கொழிக்கும் அந்நாட்டிலேயே இக்கதியென்றால் நம் நாட்டில் என்னாகும்! ஆதலின், கட்டியை எடுக்கப்போகும் சஸ்திர வைத்தியரே பயாப்ஸியையும் செய்யவேண்டும், அல்லது அவரது யோசனைப்படி செய்யவேண்டும் என்பது பொதுவிதி. படம் பார்க்கும் டாக்டரும், துண்டைச் சோதிக்கும் டாக்டரும், சஸ்திர வைத்தியரும் மூவரும் கூடிப் பேசிய பின்னரே தீர்ப்பு எழுதப்படவேண்டும்.

செய்யவேண்டுவன

ஜனங்களுக்கு நாம் கூறுவது இது. எலும்போடு ஒட்டிய புடைப்பைப் படமெடுத்துப் பார்ப்பதற்குமுன் யாரும் உருவவோ, அழுத்தவோ, இறுகக் கட்டவோ இடங்கொடாதீர்கள். சுதேச வைத்தியத்தை நாம் இகழ்பவரல்லோம். ஆனால் தோலுக்குக் கீழே எலும்பு முட்டையோடாய் மெலிந்திருப்பதைக் கைவிரலால் அறிய யாராலும் முடியாது. இலேசான தட்டில் முறிந்த எலும்பு, வாரக்கணக்காய் நீங்காத இராத்திரி வலி, காரணமின்றி வீங்கும் மூட்டு, வளர்ச்சி முடிந்தபின் பெருக்கும் முளை ஆகிய நான்கில் எது தோன்றினும் படமெடுக்கத் தாமதியாதீர்கள். எடுத்த பழைய படங்களைத் தூர எறியாமல், நிலப்பத்திரத்தைக் காப்பது போலக் காத்து வையுங்கள். முன்படத்தோடு பின்படத்தை ஒப்பிட்டே கட்டி வளர்ந்ததா, நின்றதா என்று டாக்டர் சொல்லுவார்.

சர்க்காருக்கு நாம் கூறுவதும் ஒன்றுண்டு. காப்பீட்டுத் திட்டங்கள் சிகிச்சையின் செலவை ஏற்கின்றன; நல்லது. ஆயின் தவறாக நிர்ணயிக்கப்பட்ட நோய்க்குச் செலவை ஏற்பதால் என்ன பயன்? எலும்புக் கட்டியை நன்கறிந்த பாதாலஜி நிபுணர்கள் பெருநகரங்களிலேயே இருக்கின்றனர். நோயாளி இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு இரண்டு முறை அலைந்து, மூன்றாம் முறைக்குக் காசில்லாமல் வீட்டிலேயே கிடந்துவிடுகிறான். படமும் கண்ணாடித் தகட்டின் பிம்பமும் தந்தியினும் வேகமாய்ப் பறக்கும் இக்காலத்தில் நோயாளி ஏன் அலையவேண்டும்? ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் எலும்புக் கட்டியென்று சந்தேகிக்கப்படுவோரின் படங்கள் வாரத்துக்கொரு நாள் தலைநகரத்து நிபுணர் குழுவின் முன் வைக்கப்படவேண்டும்; அக்குழுவின் எழுத்து மூலமான அபிப்பிராயமின்றி, உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தாலன்றி, ஒருவனது கையோ காலோ துண்டிக்கப்படலாகாது. கொலைக்குற்றவாளியின் மரண தண்டனையையும் உயர்நீதிமன்றம் உறுதிசெய்த பின்னரே நிறைவேற்றும் தேசம் இது. குற்றமொன்றும் செய்யாத உழவனின் காலுக்கு அவ்வளவு பாதுகாப்பாவது வேண்டாமா?

காட்மன் ஒருவர் தம் நாட்டில் 1920-களில் தொடங்கிய பதிவேட்டைப் போல, நம் மாகாணத்து எலும்புக் கட்டிகள் அனைத்துக்கும் ஒரு பதிவேடு வைத்தல் பெருஞ்செலவுள்ள காரியமன்று. எவ்வூரில், எவ்வயதில், எத்தனை பேர், எவ்வளவு தாமதித்து வந்தனர் என்பது தெரிந்தாலன்றி எங்கே குறையென்பது தெரியாது. இளைஞர் சங்கங்களும் தேசத் தொண்டர்களும் தத்தம் கிராமங்களில் இவ்விஷயத்தை எடுத்துச் சொல்லுவார்களாக. சட்டசபை அங்கத்தினர்கள் இதனைச் சபையில் வினவுவார்களாக. சிகிச்சை நம் நாட்டிலேயே இருக்கின்றது; அதைச் செய்யும் கைகளும் இருக்கின்றன. அவை இருக்குமிடத்துக்கு நோயாளி காலத்திற் போய்ச் சேரும்படி வழிசெய்ய வேண்டியதே மிச்சம்.